செத்த கோழிக்கு நிவாரணம் சரிங்க, பொழச்ச கோழிக்கு என்னங்க வழி?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

தெருநாய் கடிச்சு ஆடு மாடு கோழி செத்தா அரசாங்கம் நிவாரணம் குடுக்கறத பத்தி நம்ம பேப்பர்ல வந்த சேதிய படிச்சேனுங்க. 2025ல அதை அறிவிச்சப்ப எங்க பக்கம், அதான் காங்கயம் வெள்ளகோயில் தாராபுரம் பக்கமெல்லாம், எல்லாரும் சந்தோசப்பட்டோம், பட்டி பட்டியா ஆட்ட நாய்ங்க குதறிப்போட்டு சனங்க ரோட்டுல உக்காந்து போராடுனதுக்கு அப்பறந்தான் அதுவே வந்துச்சு. நான் குறை சொல்ல வரலீங்க. ஆனா சேதி பூராவும் செத்ததோட கணக்குதான் இருக்குது. நாய் பூந்த பட்டில எல்லாமே செத்துப்போறதில்லீங்க, நாலு அஞ்சு உசுரோட கெடக்கும், அதுகள என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல, அதுக்காகத்தான் இந்தக் கடுதாசி. கொஞ்சம் நீளமா போகுமுங்க, முடிஞ்சா வெட்டாம போடுங்க.

எங்களுது தோட்டத்து வீடு. பொடக்காலில, அதான் வீட்டுக்குப் பின்னால, சிறுவெடைங்கற நாட்டுக்கோழிங்க 21 இருந்துச்சு, ரெண்டு சேவலு, மிச்சம் பெட்டையும் வெடக்கோழியும் (இன்னும் முட்டை வெக்காத எளசு). மார்கழி மாசம், நல்ல பனி, ராத்திரி ஒரு ரெண்டு மணி இருக்கும், சத்தம் கேட்டு எங்க ஊட்டுக்காரர் டார்ச் எடுத்துட்டு ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ரெண்டு நாயி. அறுகோண ஓட்டை இருக்கற கோழிவலைதான் நாங்க அடிச்சிருந்தோம், அதை கீழ பல்லுல கடிச்சு இழுத்து ஒரு தலை போற அளவுக்கு பிரிச்சு வெச்சிருந்துச்சுங்க. நாயி கோழிய திங்கறதுக்குப் புடிக்கலீங்க, ஒண்ண புடிக்கும் ஒதறும் போட்டுரும், அடுத்தது படபடன்னு பறந்தா அதைப் புடிக்கும். 12 செத்துக் கெடந்துச்சு, மூணைக் காணோம், ஆறு உசுரோட இருந்துச்சு.

வெடியால பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பாத்துட்டு, "நாய் வாய் வெச்சது பொழைக்காது அம்மணி, சாகறதுக்கு முந்தி அறுத்துப்போடு, கொழம்புக்காவது ஆகும்"னாரு. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க, நானும் முந்தியெல்லாம் அப்படித்தான் பண்ணிருக்கேன். அந்த ஆறுல ஒண்ணு செவலைப் பெட்டை, ஏழு தடவை அடை வெச்சு குஞ்சு பொரிச்சவ, அவ என்னையவே பாத்துட்டு நின்னா, எனக்கு மனசு வரலீங்க. அவ முதுகுல ஒரு டீ சாஸர் அளவுக்கு தோலு உரிஞ்சு செவப்பா சதை தெரியுது, அதோடயே நின்னுட்டிருக்கா. அறுக்க மாட்டேன்னு சொல்லீட்டேன்.

முதல்ல நான் பண்ணுன தப்ப சொல்லீர்றேன். ஒரு பெட்டை கண்ண மூடி கழுத்தத் தொங்கப் போட்டுட்டு கெடந்துச்சு, பாவம் தாகமா இருக்கும்னு வாயத் தொறந்து ஸ்பூன்ல தண்ணி ஊத்துனேன். மூணு ஸ்பூன். கெரக் கெரக்குன்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல போயிருச்சு. அது காயத்துல சாகல, நான் ஊத்துன தண்ணி மூச்சுக்குழலுக்குள்ள போயி செத்துச்சு. கோழிக்கு நாக்குக்குப் பின்னாலயே மூச்சு ஓட்டை இருக்குதுங்க, தலையத் தானா தூக்க முடியாத கோழிக்கு தண்ணி ஊத்தவே கூடாது, அலகு நுனில ஒரு சொட்டு வெச்சா அதுவா முழுங்குதான்னு பாக்கணும், முழுங்குனா அடுத்த சொட்டு. இது எனக்குத் தெரிஞ்சப்ப பெட்டை செத்து ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு.

காயத்த விட அதிர்ச்சிதாங்க கோழிய மொதல்ல கொல்லுது. கோழி ஒடம்பு நம்மளவிட சூடு, 41 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், அடிபட்டு ரத்தம் போனா அந்த சூடு எறங்கிரும், காலைத் தொட்டுப் பாத்தா சில்லுனு இருக்கும், கொண்டை வெளுத்துரும். நான் உள்ரூம்ல அட்டைப்பெட்டில பழைய வேட்டிய விரிச்சு வெச்சு, ஒரு ஓரத்துல மட்டும் 60 வாட்ஸ் குண்டு பல்பு தொங்கவிட்டு, மேல சாக்க பாதி மூடி வெச்சேன். ஒரு ஓரத்துல மட்டும்னு எதுக்கு சொல்றேன்னா, சூடு வேணும்னா கிட்ட வரும், ஜாஸ்தியானா தள்ளிப் போயிரும், வாயப் பொளந்து எரைச்சுதுன்னா சூடு அதிகம்னு அர்த்தம். இருட்டா இருக்கோணும், சத்தம் இருக்கக்கூடாது. எங்க வீட்டுல சொந்தபந்தமெல்லாம் எழவுக்கு வந்த மாதிரி ஒவ்வொருத்தரா பெட்டியத் தொறந்து தொறந்து பாத்தாங்க, கதவ சாத்தி நாதாங்கி போட்டுட்டேன். ஓஆர்எஸ் பாக்கெட்டு, நம்ம புள்ளைங்களுக்கு பேதி போனா குடுக்கறமே அதேதான், ஒரு லிட்டர் தண்ணில கலக்கி ஆழமில்லாத தட்டுல வெச்சேன், பொழுதோட நாலு குடிச்சிருந்துச்சு.

அடுத்தது காயம் தேடறது. இது லேசுன்னு நெனைக்காதீங்க. தோலு உரிஞ்ச காயம் பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா அது வெளிய தெரியுது, கழுவுனா ஆறிரும். நாய்ப்பல்லு உள்ள எறங்குன ஓட்டைதான் ஆளக் கொல்றது, வெளிய பாத்தா மொளகு அளவுதான் இருக்கும், எறகு மூடிக்கும். எங்க கருப்பு வெடக்கோழிக்கு ஒண்ணுமே இல்லைன்னு தனியா நல்லா மேய விட்டிருந்தேன், மூணாவது நாள் றெக்கைய எறக்கிட்டு நின்னா, தூக்கிப் பாத்தா நாத்தம். றெக்கைக்கு அடில ரெண்டு ஓட்டை, மேல பக்கு கட்டிருச்சு, உள்ள கெட்டியா ஒரு கட்டி. நம்மளுக்கு சீழு வடியும், கோழிக்கு வடியாதுங்க, தேங்காத்துருவல அமுக்கி வெச்ச மாதிரி உள்ளயே கெட்டியாயிரும், அதனால தானா வெளிய வராது, டாக்டர்தான் கீறி எடுத்தாரு. அதனால முதல் நாளே எறகுக்கு எதுப்பக்கமா ஊதி ஊதி தலைல இருந்து வாலு வரைக்கும், றெக்கைக்கு அடி, தொடையிடுக்கு, ஆசனவாயச் சுத்தி எல்லாம் பாருங்க, எறகு ஈரமா ஒட்டிக் கெடக்கற எடத்துல கண்டிப்பா ஏதாச்சும் இருக்கும். தண்ணி குடிக்கறப்ப கழுத்துக்குக் கீழ நெஞ்சுல சொட்டுனா இரைப்பை (கழுத்துக்குக் கீழ தின்ன தீனி மொதல்ல தங்கற பை) ஓட்டையாயிருச்சுன்னு அர்த்தம், அது நம்ம வேலை இல்ல, தையல் போடோணும். தோலுக்கு அடில பலூன் மாதிரி உப்பி, தொட்டா நொறு நொறுன்னா, உள்ள காத்துப்பை கிழிஞ்சு காத்து எறங்குது, அதுவும் டாக்டர்கிட்டதான்.

கழுவறதுக்கு ஒரு லிட்டர் தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சு, ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில பீச்சி அடிக்கோணும், துணில தேய்க்கக்கூடாது. அப்பறம் பீட்டாடின அப்படியே ஊத்தாம பால் இல்லாத லைட் டீ கலருக்கு தண்ணி கலந்து அதுல இன்னொருக்கா. நாய் எச்சி ஈரமா இருக்குமுங்க, வெறிநோய் பொதுவா கோழிக்கு வர்ற நோய் இல்லைன்னாலும் நமக்கு வருமே, கையில வெட்டு கீறல் இருந்தா கிளவுஸ் இல்லைன்னா பிளாஸ்டிக் கவரு போட்டுட்டு பண்ணுங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு 15 நிமிசம் கை கழுவுங்க.

எங்க பக்கம் காயம்னாலே டர்பன்டைன், பினாயில், மண்ணெண்ணெய், எது கைல கெடைச்சாலும் ஊத்தறது. மாட்டுத்தோலு கெட்டி, கோழித்தோலு வெங்காயத்தோலு மாதிரிங்க, வெந்துரும். நான் தடவுனது எங்க அத்தை மாட்டுக்குக் காய்ச்சற எண்ணெய்தான், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, பூண்டு, மஞ்சத்தூளு போட்டு நல்லெண்ணெயில காய்ச்சி வடிகட்டுனது. கழுவிக் காஞ்சதுக்கு அப்பறம் காயத்து மேல மட்டும் கோழியெறகுல தொட்டு லேசா ஒரு பூச்சு, சுத்தி இருக்கற எறகுல எண்ணெய் பட்டா குளிர் தாங்காது. ஓட்டைக் காயத்துல எண்ணெய் விட்டு மூடாதீங்க, அது உள்ள இருந்து ஆறி வரட்டும்.

இன்னொண்ணு சொல்லோணும். மெடிக்கல்ல போயி "கோழிக்கு வலிக்கு மாத்திரை"ன்னு கேட்டா ஒருத்தர் மனுசங்க போடற மாத்திரையில பாதிய ஒடைச்சுக் குடுத்தாரு. பேரப் பாத்தா டைக்ளோபினாக். டாக்டருக்குப் போன் பண்ணி கேட்டா திட்டுனாரு, செத்த மாட்டுல இருந்த அந்த மருந்துனாலதான் நாட்டுல பாறு கழுகெல்லாம் அழிஞ்சுது, 2006ல கால்நடைக்கு குடுக்கறதையே தடை பண்ணுனாங்க, இப்ப நம்ம பக்கம் மாயாறு பள்ளத்தாக்குலதான் மிச்சம் மீதி இருக்குது, பறவைக்கு கிட்னியவே காலி பண்ற மருந்துன்னாரு. வலிக்கு வேற மருந்து கோழி எடைக்குத் தகுந்தாப்ல அவங்க குடுப்பாங்க. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், தீவனக்கடைல பொட்டலம் வாங்கி கையளவுல போடாதீங்க, மருந்து போடற நாள்லயும் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் அப்பறமும் முட்டைய நம்ம புள்ளைங்களுக்கு குடுக்கக்கூடாது.

புழு. இதைப் பத்தி சொல்லாம இருக்க முடியாதுங்க. மாடு கட்டற கட்டுத்தறை பக்கத்துலயே இருக்கற வீட்டுல ஈ எத்தனை இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். செவலையோட முதுகுல ரெண்டாவது நாள் மத்தியானம் ரவைய தூவுன மாதிரி வெள்ளையா ஒரு கொத்து ஒட்டியிருந்துச்சு, எறகு அடில இருக்கற பூஞ்சைன்னு நெனச்சேன், அது ஈ முட்டை. ஒரு நாள் விட்டா புழுவாயிரும், புழு நல்ல சதைக்குள்ளயும் எறங்கிரும். கத்திரிக்கோல்ல காயத்தச் சுத்தி எறக வெட்டிட்டு, உப்புத்தண்ணி அடிச்சு அடிச்சு, பேன் சீப்புல வாரி எடுத்தேன், அப்பறம் கொசுவலைக்குள்ளயே பெட்டிய வெச்சுட்டேன், புள்ள பெத்தவளுக்குக் கூட அப்படி வலை கட்டுனதில்ல. காலைல ஒருக்கா பொழுதோட ஒருக்கா பத்து நாள் பாத்தேன். புழு வந்துட்டா சீத்தா இலைய அரைச்சு வெக்கறது மாட்டுக்கு எங்க வழக்கம், கோழிக்கு வெச்சா கண்ணுப் பக்கம் போகாம பாத்துக்கோணும், விதைய சேத்து அரைச்சுராதீங்க, கண்ணுல பட்டா கண்ணு போயிரும்.

டாக்டர்னு சொல்றேன், அவரைப் புடிச்சதே ஒரு கதைங்க. மொத நாள் கூடைல வெச்சு பஸ்ல எடுத்துட்டு போன ஆஸ்பத்திரில, ஊரு பேரு வேண்டாம், "என்னம்மா மாடு கன்னுக்குட்டின்னா பரவால்ல, கோழிக்கா வந்தீங்க"ன்னு அங்க இருந்தவங்க சிரிச்சாங்க. டாக்டர் கேம்ப் போயிட்டாருன்னு திருப்பி அனுப்புனாங்க. எனக்கு அவமானமா போச்சு, கூடைல கோழி கழுத்த நீட்டி எட்டிப் பாக்குது, சுத்தி மாட்டுக்காரங்க. அப்பறம் எங்க ஊட்டுக்காரர் தங்கச்சி மவன் சொல்லித்தான் 1962க்கு, அதான் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பருக்கு, போன் போட்டோம், அந்த வண்டி டாக்டர் போன்லயே பாதி சொல்லிக்குடுத்தாரு, பக்கத்து ஊருக்கு வர்ற அன்னிக்கு எடுத்துட்டு வரச் சொல்லி பாத்தும் குடுத்தாரு. கருப்பிக்கு கட்டிய கீறி எடுத்ததும், செவலைக்கு காஞ்சு தொங்குன தோல வெட்டி விட்டதும் அவருதான். தையல் போடுங்க சாமின்னு நான் கெஞ்சுனேன், நாய்க்கடிய மூணு நாள் கழிச்சு தெச்சா அழுக்க உள்ள வெச்சு தெச்ச மாதிரி, தொறந்தே ஆறட்டும்மான்னுட்டாரு.

தீனி மொத நாள் ஒண்ணும் எடுக்கலீங்க. கழிச்சல் பச்சைப் பசேல்னு போட்டா கோழி திங்காம பித்தத்த மட்டும் கழியறதா இருக்கலாம், எல்லா நேரமும் அது சீக்கு இல்ல, பசியாவும் இருக்கும். ரெண்டாவது நாள் அவிச்ச முட்டைய மசிச்சு ஊற வெச்ச கம்போட பெசைஞ்சு வெச்சேன், எங்க அத்தை "கோழிக்கு கோழி முட்டையா, அடி பாவி"ன்னு ஒரே சிரிப்பு. தின்னுச்சுங்க. ராத்திரி படுக்கறப்ப இரைப்பைய தொட்டுப் பாப்பேன், எலுமிச்சங்காய் அளவுக்கு இருக்கோணும், காலைல காலியாயிருக்கோணும், காலைலயும் அப்படியே கல்லு மாதிரி இருந்தா உள்ள செரிக்கலைன்னு அர்த்தம். மளிகைத் தராசுல எடை போட்டுப் பாத்தேன், செவலை 1,350 கிராம்ல இருந்து ஒரு வாரத்துல 1,100க்கு வந்துட்டா, நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்படும், அப்பறம் மெதுவா ஏறுச்சு.

எல்லாமே பொழைக்கும்னு சொல்ல வரலீங்க. ஒரு பெட்டைக்கு நடு முதுகு ஒடைஞ்சு ரெண்டு காலும் பின்னால இழுத்துச்சு, தீனி தின்னுச்சு ஆனா கழிச்சல்லயே கெடந்துச்சு, ரெண்டு நாள் பாத்துட்டு எங்க ஊட்டுக்காரர் பொடக்காலிக்கு எடுத்துட்டு போயிட்டாரு, நான் கேக்கல. கொடலு வெளிய வந்தது, முதுகு ஒடைஞ்சது, இதுகள இழுக்க விடறது பாவமுங்க.

காணாம போன மூணுல ஒண்ணு, சாம்பல் வெடக்கோழி, ரெண்டாவது நாள் பொழுதோட கிளுவ வேலிக்குள்ள இருந்து பூனை மாதிரி பம்மிப் பம்மி வந்துச்சு. அதனால மொத நாளே காணோம்னு கணக்கு முடிச்சிராதீங்க, புதருக்குள்ள ஒடம்ப ஒடுக்கி சத்தமில்லாம ஒக்காந்திருக்கும், கம்ப தூவிட்டு கூப்ட்டுப் பாருங்க. அடைல இருந்த பெட்டைக்கு ஒடம்புல ஒரு கீறல் இல்ல, ஆனா பத்து நாள் செவுத்தப் பாத்தே ஒக்காந்திருந்தா. சேவலு ஒண்ணுக்கு வாலு பூராவும் போயி மொட்டையா நின்னான், 17 நாள் கூவல.

ஆறுனதுக்கு அப்பறம் கூட்டத்தோட சேக்கறதும் ஒரு பாடு. ரத்தச்செவப்ப பாத்தா கோழியே கோழிய கொத்தித் திங்கும். ஊதா கலர் மருந்து, ஜென்ஷன் வயலட், அதை மேல தடவுனா செவப்பு தெரியாது. நான் கோழி அடைக்கற கொடாப்புக்குள்ள செவலையையும் கருப்பியையும் ஜோடியா வெச்சு, மத்ததுங்க வெளிய பாத்துட்டே மேயற மாதிரி ஒரு வாரம் விட்டேன், அப்பறம் ராத்திரி எல்லாம் பரண்ல ஏறுன பொறவு இருட்டுல கொண்டு போயி நடுவுல ஒக்கார வெச்சேன், வெடியால ரெண்டு கொத்து, அத்தோட சரி. செவலைக்கு காயம் மூட ஒண்ணரை மாசம் ஆச்சு. வேரோட புடுங்குன எறகு திரும்ப மொளைச்சிருச்சு, பாதில ஒடைஞ்ச எறகு அடுத்த எறகுதிர்ப்பு வரைக்கும் அப்படியேதான் நிக்கும். முட்டை ரெண்டு மாசத்துக்கு மேல இல்ல, அப்பறம் மொத முட்டை தோல் முட்டை, பலூன்ல தண்ணி ஊத்துன மாதிரி. இப்ப சித்திரை, அஞ்சு கோழி இருக்குது, கருப்பி அடைல இருக்கா.

இப்ப விசயத்துக்கு வர்றேனுங்க. கோழிக்குக் குடுக்கற நிவாரணத்துல சந்தைல ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கறி கூட வாங்க முடியாது, அது போகட்டும். காயம்பட்டது உசுரோட இருந்தா நிவாரணம் ஏதுங்க, அறுத்துட்டா கறியாச்சு, ரெண்டுல எது லாபம்னு சனம் பாக்கும், பாத்துட்டு அறுத்துரும். ஒரு தாய்க்கோழி வருசத்துக்கு எத்தனை குஞ்சு எறக்கும்னு கணக்குப் போட்டா அறுத்தது நட்டம். கால்நடை ஆஸ்பத்திரில கோழிய எடுத்துட்டு போனா சிரிக்காம பாக்கோணும், வாரத்துல ஒரு நாளாச்சும் கோழிக்குன்னு வெக்கோணும், நிவாரண அப்ளிகேசன் எழுதறப்பவே பொழச்சதுக்கு மருந்தும் குடுத்து அனுப்போணும், இதத்தான் நான் அதிகாரிங்கள கேக்கறேன். நம்ம பேப்பர்ல நாமக்கல் முட்டை வெலைய தெனமும் போடறீங்க, அது பண்ணைக்காரங்களுக்கு வேணும், ஒத்துக்கறேன், நாலு கோழி வெச்சு சீட்டுப்பணம் கட்டற பொம்பளைங்களுக்கும் மாசத்துல ஒருக்கா கால் பக்கம் ஒதுக்குங்க.

நாய் பூந்த எடத்துக்கு அடுத்த ராத்திரியும் வருமுங்க, எங்களுக்கு வந்துச்சு. பழைய கோழிவலைய தூக்கிப் போட்டுட்டு அரை இஞ்சு வெல்டு மெஷ் அடிச்சு, அடில ஒரு அடிக்கு வெளிப்பக்கமா மடக்கி மண்ணுல பொதைச்சு மேல கல்லு வெச்சிருக்கோம், தோண்ட வந்தா கம்பிதான் மாட்டும். மரநாய் வர்ற எடம்னா மேலயும் மூடோணும், அது கூரை வழியா எறங்கும். ஆத்தரத்துல விசம் வெக்கறது, சுருக்கு வெக்கறது வேண்டாம், கீரி மரநாய் காட்டுப்பூனை எல்லாம் 1972 வன உயிரின சட்டத்துல வருது, கேஸாயிரும், வெச்ச விசத்த மயிலும் நம்ம வீட்டு நாயும் தின்னும்.

இப்படிக்கு,
பொடக்காலில அஞ்சு கோழி வெச்சிருக்கற வாசகி,
தாராபுரம் பக்கம்.

பி.கு: நிவாரணம் கேக்கறவங்க செத்த கோழிய பொதைக்கறதுக்கு முந்தி வரிசையா வெச்சு போட்டோ எடுத்து கால்நடை டாக்டர்கிட்ட காட்டிருங்க. நாங்க காலைலயே குழி தோண்டி மூடிட்டோம், கேட்டப்ப காட்டறதுக்கு கைல ஒண்ணுமில்ல.